நாலு ஜிபியு மெஷின்: கார்டு வாங்குவதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

ஐந்து பேர் கொண்ட டீம். மொழி மாடல்களை ஃபைன்ட்யூன் செய்வதும் (ஏற்கெனவே பயிற்சி பெற்ற மாடலை நம் வேலைக்கு ஏற்ப மேலும் பயிற்றுவிப்பது), படங்களில் குறை கண்டுபிடிக்கும் மாடல்களைப் பயிற்றுவிப்பதும் வேலை. இதுவரை கிளவுடில் வாடகைக்கு எடுத்து ஓட்டியிருக்கிறீர்கள், இனிமேல் ஆபீஸிலேயே என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 ஜிபியு கார்டு நான்கு போட்ட ஒரு வொர்க்ஸ்டேஷன் கட்டலாமா, கட்டினால் எந்த மதர்போர்டு, எத்தனை வாட் பவர் சப்ளை என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கட்டலாம். ஆனால் யானையை வாங்குவது ஒரு நாள் வேலை, அதைக் கட்டித் தீனி போடுவதுதான் தினசரி வேலை. நான் பார்த்த வரைக்கும் இந்த மாதிரி மெஷின்கள் கார்டு போதாமல் தோற்றதில்லை. கரண்ட் போதாமல், காற்று போதாமல், கார்டுகளுக்கு நடுவே பாதை போதாமல் தோற்றிருக்கின்றன. அதனால் நீங்கள் கேட்ட வரிசையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.

முதலில் மெமரி. கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் வேகத்தைப் பார்க்கிறார்கள், ஆனால் மாடல் உள்ளே நுழையவே இல்லையென்றால் வேகத்தை வைத்து என்ன செய்வது? மிக்ஸ்டு பிரிசிஷனில் (16 பிட், 32 பிட் எண்களைக் கலந்து), வெயிட்டுகளைத் திருத்தும் ஆடம் ஆப்டிமைசர் வைத்து ஒரு மாடலை முழுதாகப் பயிற்றுவித்தால், ஒரு பாராமீட்டருக்கு, அதாவது மாடல் கற்றுக்கொள்ளும் ஒரு எண்ணுக்கு, 16 பைட் பிடிக்கும். வெயிட்டுக்கு 2, அதை எந்தப் பக்கம் திருத்துவது என்று சொல்லும் கிரேடியன்ட்டுக்கு 2, 32 பிட்டில் வைத்திருக்கும் மூலப் பிரதிக்கு 4, ஆடம் வைத்துக்கொள்ளும் இரண்டு சராசரிகளுக்கு நாலு நாலாக 8. அப்படியென்றால் 700 கோடி பாராமீட்டர் மாடலுக்கு 112 ஜிபி. இது ஆக்டிவேஷன் (கணக்கின் நடுவே வரும் இடைநிலை மதிப்புகள்) எதையும் சேர்க்காத கணக்கு, பேட்ச் (ஒரே தடவையில் கொடுக்கும் மாதிரிகள்) அளவும் வாக்கிய நீளமும் கூடக் கூட அது தனியாக ஏறும். கார்டுக்கு 24 ஜிபி, நான்கு 4090 சேர்த்தால் 96 ஜிபி. டீப்ஸ்பீட், எஃப்எஸ்டிபி மாதிரி எந்த மென்பொருளை வைத்து நாலு கார்டிலும் துண்டு போட்டுப் பரப்பினாலும், ஆப்டிமைசரைச் சாதாரண ரேமுக்குத் தள்ளாமல் இது உட்காராது. தள்ளினால் ஓடும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற வேகத்தில் ஓடாது. அதே மாடலை லோரா முறையில், அதாவது அடிப்படை வெயிட்டைத் தொடாமல் சின்ன ஒட்டுப் பகுதியை மட்டும் பயிற்றுவிக்கும் முறையில், ஃபைன்ட்யூன் செய்தால் கதையே வேறு: அடிப்படை வெயிட் 14 ஜிபி, மேலே பயிற்சி பெறும் பகுதி மிகச் சின்னது, ஒரே ஒரு 24 ஜிபி கார்டிலேயே வேலை முடிந்துவிடும். 4 பிட்டுக்குச் சுருக்கி கியூலோரா முறையில் போனால் இன்னும் இடம் மிஞ்சும்.

எனவே முதலில் உங்களுக்குள் உட்கார்ந்து இந்தக் கேள்விக்குப் பதில் தேடுங்கள்: நாம் முழுப் பயிற்சி செய்கிறோமா, லோராவா? பட மாடல்கள் பெரும்பாலும் 24 ஜிபிக்குள் அடங்கிவிடும், அவற்றுக்கு நான்கு 4090 அருமையான தேர்வு, ஒவ்வொரு கார்டும் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு பேட்ச்சைப் பங்கு போட்டுக்கொள்ளும். பெரிய மொழி மாடல்தான் முக்கியம் என்றால், 48 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 6000 ஏடா இரண்டு போடுவதை நான் விரும்புவேன். இரண்டிலும் இருப்பது ஒரே ஏடி102 சிப்தான், ஆகவே நாலு 4090-இல் கணக்குப் போடும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் மொத்த மெமரி அதே 96 ஜிபி. அங்கே 1800 வாட், இங்கே 600 வாட். இரண்டே கார்டு என்றால் அப்புறம் வரப்போகிற தலைவலிகள் முக்கால்வாசி வராமலே போய்விடும். பட்ஜெட் கொஞ்சம் தாராளம் என்றால் ஆர்டிஎக்ஸ் புரோ 6000 பிளாக்வெல் ஒரே கார்டில் 96 ஜிபி தருகிறது, அதிலும் 300 வாட்டில் ஓடும் மேக்ஸ்-கியூ வடிவத்தைப் பாருங்கள், 600 வாட் வடிவத்தை நாலு கார்டு பெட்டிக்கு யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது லேன், அதாவது சிபியுவுக்கும் கார்டுக்கும் நடுவே டேட்டா போகும் பிசிஐஇ பாதைகள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கான ரைசன், கோர் வகை சிபியுக்களில் கார்டுகளுக்கென்று இருப்பது சுமார் 16 பிசிஐஇ லேன், எஸ்எஸ்டிக்கு இன்னும் சில. மதர்போர்டில் மூன்று நீள ஸ்லாட் தெரியும், பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மூன்றாவதன் உள்ளே உற்றுப் பார்த்தால் பின்கள் கால்வாசி தூரம்தான் போயிருக்கும். அது 4 லேன் ஸ்லாட், அதுவும் சிப்செட் வழியாக வருவது, எஸ்எஸ்டி, நெட்வொர்க், யுஎஸ்பி எல்லாம் அதே குறுகிய வழியில்தான் நெருக்கியடித்துப் போகும். இரண்டு கார்டு என்றால் 8 லேன், 8 லேன் என்று பிரித்துச் சமாளிக்கலாம். நாலு கார்டு என்றால் திரெட்ரிப்பர் புரோ, எபிக் இரண்டில் ஒன்றுக்குப் போங்கள், இரண்டிலும் 128 லேன். ஸியான் டபிள்யூ-3400 வரிசையில் 112. இவை தவிர வேறு குறுக்கு வழி தேட வேண்டாம்.

இது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். 100 கோடி பாராமீட்டர் மாடல் ஒன்றை நாலு கார்டில் பிரதி போட்டுப் பயிற்றுவிக்கிறீர்கள். ஒவ்வொரு ஸ்டெப்பின் முடிவிலும் நாலு கார்டும் தங்கள் கிரேடியன்ட்டை ஒன்றோடொன்று சேர்த்துச் சமன் செய்துகொள்ள வேண்டும், அளவு 2 ஜிபி. ஒவ்வொரு கார்டும் அடுத்த கார்டுக்குக் கைமாற்றும் வளைய முறையில் இதைச் செய்யும்போது ஒவ்வொரு கார்டும் அதில் ஒன்றரை மடங்கை, அதாவது 3 ஜிபியை அனுப்பும். பிசிஐஇ 4.0-வில் 16 லேன் ஸ்லாட் ஒரு திசையில் விநாடிக்கு ஏறக்குறைய 32 ஜிபி, ஆக 0.1 விநாடிக்குள் முடிந்துவிடும். 4 லேன் ஸ்லாட்டில் அது 8 ஜிபி, கிட்டத்தட்ட 0.4 விநாடி. இது ஏட்டுக் கணக்கு, நடைமுறையில் இரண்டுமே இன்னும் மெதுவாகத்தான் இருக்கும். வளையத்தில் எல்லோரும் கைகோத்து நிற்பதால், ஒரே ஒரு கார்டு மட்டும் குறுகிய ஸ்லாட்டில் இருந்தாலும் மற்ற மூன்றும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். கணக்குப் போட அரை விநாடி, காத்திருக்க அரை விநாடி என்று ஓடும் மெஷின்களைப் பார்த்திருக்கிறேன், நாலு கார்டு வாங்கி இரண்டு கார்டு வேலை வாங்குவது அது. கிரேடியன்ட்டை எட்டு மைக்ரோ பேட்ச்சுக்கு ஒருமுறை மட்டும் சேர்த்தால் இந்தச் சுமை குறையும். லோராவில் அனுப்ப வேண்டியதே சில எம்பிதான், அங்கே இந்தக் கவலையே இல்லை.

கார்டுகளை நேரடியாக இணைக்கும் பாலமான என்விலிங்க் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜீஃபோர்ஸ் வரிசையில் 3090-இல் இருந்தது, 4090-இல் எடுத்துவிட்டார்கள். ஆர்டிஎக்ஸ் ஏ6000-இல் உண்டு, 6000 ஏடாவில் கிடையாது. இருந்தபோதும் அந்தப் பாலம் இரண்டு கார்டைத்தான் இணைத்தது, நாலையும் அல்ல. இன்னொன்று, 4090-க்கு வரும் டிரைவர் ஒரு கார்டு இன்னொரு கார்டின் மெமரிக்கு நேரடியாக எழுதுவதை அனுமதிப்பதில்லை, ஆகவே எல்லாம் சாதாரண ரேமைத் தொட்டுத்தான் போகும். வொர்க்ஸ்டேஷன் கார்டுகளில் இந்தத் தடை இல்லை. நாலு கார்டையும் சேர்த்து ஒரே மாடலை ஓட்டுவது தினசரி வேலை என்றால் இந்த ஒரு விஷயமே முடிவை மாற்றலாம்.

சரி, கரண்ட். ஒரு 4090-க்கு 450 வாட், நாலுக்கு 1800. திரெட்ரிப்பர் புரோ 7000 வரிசை சிபியு 350. ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 150 வையுங்கள். மொத்தம் 2300 வாட், பவர் சப்ளை உள்ளே வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து இழுப்பது 2500-ஐத் தொடும். 120 வோல்ட் ஊர்களில் சாதாரண 15 ஆம்பியர் லைன் தாங்குவதே 1800 வாட், தொடர்ந்து ஓடும் சுமை என்றால் அதில் 80 சதவீதம், அதாவது 1440-தான் பாதுகாப்பு. 230 வோல்ட் என்றால் 16 ஆம்பியர் பாயிண்டில் 3680 வரை வரும், ஆனால் அதே லைனில் ஏசியும் காபி மெஷினும் இல்லாமல் இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுப்பதுதான் இந்தத் திட்டத்தின் முதல் வேலை, கார்டு ஆர்டர் போடுவது அதற்கு அப்புறம்.

நல்ல செய்தி என்னவென்றால், கார்டின் பவரைக் குறைத்து வைக்கலாம். என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில் ஒரு கார்டுக்கு 450-க்குப் பதில் 320 என்று கட்டிப் போட்டால், இழக்கும் வேகம் பெரும்பாலான பயிற்சி வேலைகளில் சில சதவீதம்தான், கடைசி நூறு வாட் அவ்வளவு வீணாகத்தான் எரிகிறது. நான் கட்டிய எல்லா மெஷினிலும் இதைச் செய்திருக்கிறேன். ஒன்றை மறக்காதீர்கள், ரீபூட் ஆனால் இந்த வரம்பு அழிந்துவிடும், ஆகவே மெஷின் எழும்போதே தானாகப் போட்டுக்கொள்ளும்படி ஒரு சர்வீஸ் எழுதி வையுங்கள். பவர் சப்ளை 230 வோல்ட்டில் 2000 வாட்டுக்கு மேலும் ஒரே பெட்டியில் கிடைக்கிறது, இரண்டு பவர் சப்ளையைக் கோத்து ஓட்டுவதைவிட அது நிம்மதி. ஏடிஎக்ஸ் 3.0 தரம் உள்ளதாகப் பாருங்கள், அந்தத் தரம் 100 மைக்ரோ விநாடி நேரத்துக்கு இரண்டு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. நாலு கார்டும் ஒரே நொடியில் சும்மாயிருந்து முழு வேகத்துக்குத் தாவும்போது அந்தத் தாங்குதிறன்தான் காப்பாற்றும்.

இதில் ஒரு அனுபவம் உண்டு. நாலு 3090 போட்ட ஒரு மெஷின், வெளியில் ஒருவரிடம் கொடுத்து அசெம்பிள் செய்து வாங்கியது. இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் இரவில் மூன்றாவது கார்டு மட்டும் காணாமல் போகத் தொடங்கியது, கர்னல் லாகில் (இயங்குதளத்தின் பதிவில்) எக்ஸ்ஐடி 79 என்ற என்விடியா பிழை எண், அதாவது ஜிபியு பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டது என்ற வரி. டிரைவரை மாற்றினோம், கார்டை மற்றொரு ஸ்லாட்டுக்கு மாற்றினோம், அங்கே போன கார்டு ஒழுங்காக ஓடியது, இங்கே வந்த கார்டு விழுந்தது. ஆக, கார்டில் குறை இல்லை. லாகில் நேரத்தை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: ஒவ்வொரு முறையும் செக்பாயிண்ட் (பயிற்சியின் அப்போதைய நிலையை டிஸ்கில் சேமிப்பது) எழுதி முடித்து, நாலு கார்டும் சும்மாயிருந்துவிட்டு, ஒன்றாகத் திரும்ப எழும் அந்த நொடியில்தான் விழுகிறது. கேபிளைக் கையால் தொட்டுப் பார்த்தோம். மூன்றாவது கார்டின் இரண்டு பவர் சாக்கெட்டுக்கும் தனித்தனி கேபிள் போடாமல், நுனியில் இரண்டு தலை உள்ள ஒரே கேபிளைக் கோத்திருந்தார்கள், பார்க்க அழகாக இருந்தது. 350 வாட் கார்டு, ஸ்லாட்டிலிருந்து அதிகபட்சம் 75, மீதி 275 வாட்டும் 150 வாட் கணக்கில் வைத்த ஒற்றை வழியில். பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்தது. இரண்டு கேபிள் இழுத்ததோடு அந்தப் பிரச்சினை நின்றது. ஒரு சாக்கெட்டுக்கு ஒரு கேபிள், இதில் சமரசம் வேண்டாம். 4090-இல் வரும் 12 வோல்ட் ஒற்றை இணைப்பு இன்னும் கண்டிப்பானது, கடைசி வரை அழுத்திச் சொருக வேண்டும், இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடத் தெரியக் கூடாது, இணைப்பிலிருந்து வெளியே வந்த உடனேயே கேபிளை மடக்கக் கூடாது. சரியாகச் சொருகாமல் உருகிப் போன இணைப்புகள் நிறைய.

உள்ளே போகும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசி இழுப்பது சுமார் 3500 வாட் வெப்பம், ஆக 1800 வாட்டில் ஓடும் மெஷினுக்கு அரை டன் ஏசி இரவு பகலாக ஓட வேண்டும். ஆபீஸ் ஏசியை மாலையில் நிறுத்திவிடுவார்கள் என்றால், பயிற்சி ஓடும் இரவில்தான் அறை கொதிக்கும், யாரும் பார்க்க இருக்க மாட்டார்கள். அதனால் ஏசி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று இன்றே கேட்டு வையுங்கள்.

பெட்டிக்குள் காற்று எப்படிப் போகிறது என்பது அதைவிட முக்கியம். கடைகளில் கிடைக்கும் 4090 பெரும்பாலும் மூன்று ஸ்லாட்டுக்கு மேல் தடிமன், மூன்று ஃபேன் வைத்தது, சூடான காற்றைப் பெட்டிக்குள்ளேயே விடுவது. ஒன்றே ஒன்று இருந்தால் சுகம். நாலை அடுக்கினால், சாதாரண போர்டில் இருக்கும் ஏழு ஸ்லாட் இடத்துக்குள் அது நுழையவே நுழையாது, ஸ்லாட்டை நீட்டிக்கும் ரைசர் கேபிளில் தொங்கவிட வேண்டும், ஒன்றின் மூச்சை இன்னொன்று குடிக்கும். நாலு கார்டு பெட்டிக்கு ஏற்றது இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள புளோயர் வகை, ஒரே ஃபேன் காற்றை முன்னாலிருந்து இழுத்துப் பின்பக்கத் துளை வழியாக வெளியே தள்ளிவிடும். 6000 ஏடா அப்படித்தான் வருகிறது. சத்தம் காதைப் பிளக்கும், ஆகவே மேஜைக்குப் பக்கத்தில் வேண்டாம், தனி அறையில் வைத்து நெட்வொர்க் வழியாக வேலை செய்யுங்கள். பழைய 3090 வாங்க யோசித்தால் ஒரு விஷயம்: அதில் மெமரி சிப்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன, பின்பக்கம் காற்று படாது. ஜிபியு 70 டிகிரி என்று காட்டும், பின்பக்க மெமரி 110-ஐத் தொட்டு வேகம் தானாகக் குறைந்துகொண்டிருக்கும். வாட்டர் கூலிங் வேலை செய்யும்தான், ஆனால் பராமரிக்க ஒரு ஆள் வேண்டும், ஐந்து பேர் டீமில் அந்த வேலையை யாருக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை.

ரைசர் கேபிள் தவிர்க்க முடியாத இடத்தில் பிசிஐஇ 4.0 என்று எழுதியதை மட்டும் நம்ப வேண்டாம். மட்டமான கேபிளில் மெஷின் எழும், கார்டு தெரியும், பயிற்சியும் ஓடும், ஆனால் உள்ளே டேட்டா பிழையாகிப் பிழையாகித் திரும்ப அனுப்பப்பட்டுக்கொண்டே இருக்கும். கர்னல் லாகில் ஏஇஆர் (பிசிஐஇ பிழை அறிக்கை) என்ற வரிகள் குவிந்தால் அதுதான். பயாஸில் அந்த ஸ்லாட்டை 3.0-வுக்கு இறக்கினால் பிழை நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் குற்றவாளி கேபிள்.

ரேம், மொத்த ஜிபியு மெமரியைப் போல இரண்டு மடங்கு போடுங்கள், 96 ஜிபிக்கு 192 அல்லது 256. பிட் பிழையைத் தானே திருத்தும் ஈசிசி வகையாக இருக்கட்டும், நாலு நாள் ஓடும் பயிற்சியின் நடுவே ஒரு பிட் புரண்டால் ஏன் லாஸ் (மாடலின் தவறின் அளவு) வெடித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எட்டு சேனல் போர்டில் எட்டையும் நிரப்புங்கள். சிபியுவில் ஒரு கார்டுக்கு ஆறிலிருந்து எட்டு கோர் போதும், பட வேலையில் ஜேபெக்கைத் திறப்பதற்கே அவை தேவைப்படும். டிஸ்க் மட்டும் தாராளமாக வாங்குங்கள், 700 கோடி பாராமீட்டர் மாடலின் செக்பாயிண்ட் ஆப்டிமைசரோடு சேர்த்து 100 ஜிபியை நெருங்கும், பத்து வைத்தால் ஒரு டிபி போச்சு. லட்சக்கணக்கான சின்னச் சின்னப் படக் கோப்புகளை அப்படியே படிக்காமல் பெரிய டார் கோப்புகளாகக் கட்டி வையுங்கள்.

பயாஸில் அபவ் 4ஜி டீகோடிங் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலாவது கார்டு தெரியாமல் போகலாம். பயிற்சி தொடக்கத்திலேயே உறைந்து நின்றால் பயாஸில் உள்ள ஐஓஎம்எம்யு (சாதனங்கள் மெமரியைத் தொடுவதைக் கட்டுப்படுத்துவது) அமைப்பைச் சந்தேகியுங்கள், நேரடிப் பரிமாற்றம் (பி2பி) உள்ள கார்டுகளில் அது அங்கேதான் மாட்டும், கார்டுகள் ஒன்றோடொன்று பேச உதவும் என்சிசிஎல் லைப்ரரியில் பி2பி-ஐ அணைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். உபுண்டுவில் தானியங்கி அப்டேட்டை டிரைவருக்கும் கர்னலுக்கும் நிறுத்தி வையுங்கள். ஒரு காலையில் வந்து பார்த்தால் டிரைவர் பதிப்பும் லைப்ரரி பதிப்பும் பொருந்தவில்லை என்று என்விடியா-எஸ்எம்ஐ சொல்லும், ரீபூட் செய்யலாம் என்றால் அடுத்த கார்டில் இன்னொருவரின் மூன்று நாள் வேலை ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து பேர் நாலு கார்டைப் பகிர்வதற்கு வாய்வார்த்தை போதாது. யாரோ ஒருவரின் நோட்புக் 20 ஜிபியைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கும், ஆள் விடுப்பில் இருப்பார். ஒரே மெஷின்தான் என்றாலும் வேலைகளை வரிசைப்படுத்திக் கார்டு ஒதுக்கும் ஸ்லர்ம் மென்பொருளைப் போடுங்கள், ஒரு நாள் வேலை, பல மாத மனஸ்தாபத்தை மிச்சப்படுத்தும். யுபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாங்கினால் போதும், அந்த நேரத்தில் செக்பாயிண்ட் எழுதி அணைந்துகொள்ளும்படி செய்யலாம். இதை டேட்டா சென்டரில் வைக்கும் எண்ணம் பின்னால் வந்தால், ஜீஃபோர்ஸ் டிரைவரின் உரிமம் அதற்கு அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெஷின் வந்ததும் நாலு கார்டையும் ஒரேயடியாகச் சொருகாதீர்கள். ஒன்று போட்டு ஒரு இரவு ஜிபியு-பர்ன் என்ற சுமைச் சோதனையை ஓட்டுங்கள், பிறகு இரண்டு, பிறகு நாலு. என்விடியா-எஸ்எம்ஐயின் டோப்போ கட்டளையில் எந்த கார்டு யாரோடு எந்த வழியாகப் பேசுகிறது என்ற அட்டவணையைப் பார்த்து, என்சிசிஎல் சோதனைகளை ஓட்டி வேகத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஏதாவது மெதுவானால் ஒப்பிட அந்த எண்தான் இருக்கும். கடைசியில் நாலும் முழு வேகத்தில் 48 மணி நேரம், அறைக் கதவை மூடி, ஆபீஸ் ஏசி நிற்கும் நேரமும் அதற்குள் வரும்படி. நடுவில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்தி ஒன்றாக எழுப்புங்கள். அதில் எக்ஸ்ஐடி வரி ஒன்றுகூட இல்லாமல், மெமரி வெப்பம் வரம்புக்குள் நின்று, கேபிளைத் தொட்டால் வெதுவெதுப்போடு நிற்கிறது என்றால் டீமுக்குத் திறந்துவிடலாம்.